விமான தூரக் கருவிகள்: கிலோமீட்டரை நம்பலாம், மணி நேரத்தை நம்பலாமா?

லண்டனிலிருந்து நியூயார்க் எவ்வளவு தூரம் என்று இணையக் கருவிகளில் கேட்டால் 5,540, 5,547, 5,555, 5,570 என்று நான்கு விதமான விடை வரும். நான்கும் சரிதான். நகர மையத்திலிருந்து நகர மையத்துக்கு அளந்தால் 5,570 கி.மீ. ஹீத்ரோ விமான நிலையத்திலிருந்து ஜான் எஃப். கென்னடி விமான நிலையம் வரை, பூமியை 6,371 கி.மீ. ஆரமுள்ள உருண்டையாக வைத்து அளந்தால் 5,540. அதே உருண்டைக்கு நிலநடுக்கோட்டின் ஆரமான 6,378 கி.மீ. கொடுத்தால் 5,547. துருவங்களில் சற்றே தட்டையாக இருக்கும் பூமியின் உண்மை வடிவத்தில் அளந்தால் 5,555-ஐ ஒட்டி வரும். இவற்றில் பெரியதுக்கும் சிறியதுக்கும் உள்ள இடைவெளி 30 கி.மீ. விமானத்துக்கு அது இரண்டு நிமிட வேலை.

ஆகவே தூரத்தைப் பொறுத்தவரை பெரும்பாலான கருவிகள் தேறிவிடுகின்றன. பயண நேரம் என்று வரும்போதுதான் அவை தடுமாறுகின்றன, அதுவும் மணிக்கணக்கில். நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு அட்டவணையில் சுமார் 7 மணி நேரம் போட்டிருக்கும். லண்டனிலிருந்து நியூயார்க்குக்கு சுமார் 8. தூரம் கிலோமீட்டர் பிசகாமல் அதேதான். இந்த ஒரு மணி நேரத்தைக் காட்டாத கருவியின் 'பயண நேரம்' என்ற கட்டத்தை ஒரு தோராயமாக மட்டுமே படிக்க வேண்டும்.

நகரப் பெயர் கேட்கும் பொதுக் கருவிகள்

இரண்டு பெட்டி, இரண்டு நகரப் பெயர், ஒரு பொத்தான். உள்ளே நடப்பது இவ்வளவுதான்: ஒவ்வொரு நகரத்துக்கும் ஒரு அட்சரேகை, தீர்க்கரேகை சேமிப்பில் இருக்கும். அவற்றை உருண்டைக்கான சூத்திரத்தில் போட்டுத் தூரத்தை எடுப்பார்கள். அந்தத் தூரத்தை மணிக்கு 800 அல்லது 900 கி.மீ. போன்ற ஒரே வேகத்தால் வகுத்து, மேலேறவும் கீழிறங்கவும் அரை மணி நேரம் சேர்த்தால் 'விமானப் பயண நேரம்' தயார். காற்று இல்லை, திசை இல்லை, விமான வகை இல்லை. அந்த இரண்டு ஊருக்கும் நடுவே நேரடி விமானம் ஓடுகிறதா என்றுகூடப் பார்ப்பதில்லை. லண்டன், சிட்னி என்று கொடுத்தால் ஏறத்தாழ 17,000 கி.மீ., 20 மணி நேரம் என்று தயங்காமல் சொல்லும். இன்று அந்தப் பயணத்தில் ஓரிடத்திலாவது இறங்கித்தான் ஆக வேண்டும். மொத்தம் 22 மணி நேரத்துக்குக் குறையாது.

இவற்றில் அடிக்கடி நேரும் பிழை ஊர்ப் பெயர்தான். சான் ஹோசே கலிஃபோர்னியாவிலும் உண்டு, கோஸ்டா ரிகாவின் தலைநகராகவும் உண்டு. பர்மிங்ஹாம் இங்கிலாந்திலும் அலபாமாவிலும் இருக்கிறது. மெல்போர்ன் என்ற விமான நிலையம் ஃபுளோரிடாவிலும் இருக்கிறது. சிட்னி என்ற பெயரில் கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் ஓர் ஊர். ஆஸ்திரேலியா போக நினைத்து அங்கே போய் இறங்கியவர்களே உண்டு. பெயரைத் தட்டியதும் கருவி எந்த நாட்டைத் தேர்ந்தெடுத்தது என்று வரைபடத்தில் ஒரு முறை பார்த்துவிட வேண்டும். நாட்டின் பெயரைக் காட்டாத கருவியைப் பயன்படுத்தாமல் இருப்பதே நல்லது.

இரண்டாவது பிழை, பழைய தரவு. இஸ்தான்புல் நல்ல எடுத்துக்காட்டு. 2019 ஏப்ரலில் பயணிகள் விமானங்கள் எல்லாம் அதாதுர்க் நிலையத்திலிருந்து நகரின் வடக்கே கட்டப்பட்ட புதிய நிலையத்துக்கு மாறின. ஐ.எஸ்.டி. என்ற மூன்றெழுத்து விமான நிலையக் குறியீடும் கூடவே புதிய இடத்துக்குப் போய்விட்டது. பழைய நிலையத்துக்கு ஐ.எஸ்.எல். என்று வேறு குறியீடு. தரவைப் புதுப்பிக்காத கருவி, குறியீட்டைச் சரியாகக் காட்டிக்கொண்டே பழைய இடத்திலிருந்து அளக்கும். பெர்லினில் 2020 அக்டோபர் 31 அன்று புதிய நிலையம் திறக்கப்பட்டது. அடுத்த வாரமே பழைய டேகல் நிலையம் மூடப்பட்டது. ஒரு கருவியின் பட்டியலில் டேகல் இன்னும் இயங்கும் நிலையமாக இருந்தால் அதன் மற்ற தரவுகளும் எந்த வயது என்று ஊகித்துக்கொள்ளலாம். புதிய கருவியைச் சோதிக்க இந்த இரண்டு ஊர்களும் போதும்.

மூன்றாவது, நகர மையம். ஜப்பானின் நரிதா நிலையம் டோக்கியோ மையத்திலிருந்து சுமார் 60 கி.மீ. தள்ளி, ஹானேடா சுமார் 15 கி.மீ. வானில் இந்த வித்தியாசம் சில நிமிடம். தரையில் அது ஒரு மணி நேரம். நகரப் பெயர் மட்டும் கேட்கும் கருவிக்கு இந்த இரண்டும் ஒன்றுதான்.

கிரேட் சர்க்கிள் மேப்பர்

தூரத்துக்கு இதைவிடச் சிறந்த இலவசக் கருவி இல்லை என்பது எங்கள் முடிவு. பார்க்கப் பழைய பாணியில் இருக்கும்; அலங்காரம் எதுவும் கிடையாது. நகரப் பெயரை வைத்து அளக்காமல் விமான நிலையக் குறியீட்டை வைத்து அளப்பதுதான் இதன் முதல் பலம். மூன்றெழுத்துக் குறியீடும் ஏற்கும், விமானிகள் பயன்படுத்தும் நான்கெழுத்துக் குறியீடும் ஏற்கும். இரண்டு குறியீட்டுக்கு நடுவே ஒரு கோடு போட்டால் ஒரு வழித்தடம். மூன்று, நான்கு நிலையங்களைக் கோடு போட்டுத் தொடர்ந்தால், ஒவ்வொரு கட்டத்தின் தூரமும் மொத்தமும் தனித்தனியே வரும். காற்புள்ளி போட்டுப் பிரித்தால் ஒரே வரைபடத்தில் பல வழித்தடங்களை அடுக்கி ஒப்பிடலாம். கிலோமீட்டர், மைல், கடல் மைல் மூன்றில் எது வேண்டுமோ அது.

அலகை மட்டும் ஒவ்வொரு முறையும் கண்ணால் பார்த்துக்கொள்ள வேண்டும். கடல் மைல் என்பது 1.852 கி.மீ.; சாதாரண மைல் 1.609 கி.மீ. விமானத் துறை ஆவணங்களில் 'மைல்' என்று இருந்தால் பெரும்பாலும் கடல் மைல். பயணிகளுக்கான பக்கங்களில் இருந்தால் சாதாரண மைல். இரண்டையும் குழப்பினால் 15 சதவீதம் பிழை. நெடுந்தூரப் பயணத்தில் அது இரண்டரை மணி நேரம்வரை போகும்.

பூமியை முழு உருண்டையாக எடுக்காமல், தட்டையான வடிவத்தை வைத்துக் கணக்கிடுவது இரண்டாவது பலம். உருண்டைக் கணக்குக்கும் இதற்கும் அதிகபட்சம் அரை சதவீதம் வித்தியாசம். கிழக்கு மேற்காகப் போகும் தடங்களில் அது தெரியும். மேலே சொன்ன லண்டன் தடத்தில் சுமார் 15 கி.மீ.

இதன் விடையைக் கையால் சரிபார்க்க ஓர் அழகான வழித்தடம் உண்டு: நியூயார்க்–சிங்கப்பூர். இப்போது பயணிகள் சேவையில் இருக்கும் மிக நீண்ட நேரடி விமானத் தடம் இது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் மிக நீண்ட தூரத்துக்கான ஏர்பஸ் ஏ350-900 யூ.எல்.ஆர். விமானத்தில் ஓட்டுகிறது. இரண்டு நிலையங்களும் தீர்க்கரேகையில் ஏறத்தாழ 178 பாகை தள்ளி, அதாவது உலகின் எதிரெதிர்ப் பக்கத்தில் உள்ளன. எனவே மிகக் குறுகிய பாதை வட துருவத்தை ஒட்டியே போகும். கென்னடி நிலையம் 40.64 பாகை வடக்கு. துருவத்துக்கு இன்னும் 49.36 பாகை. சிங்கப்பூரின் சாங்கி நிலையம் 1.36 பாகை வடக்கு, துருவத்திலிருந்து 88.64 பாகை. கூட்டினால் 138. ஒரு பாகைக்கு 60 கடல் மைல், ஆக 8,280 கடல் மைல். கிலோமீட்டரில் 15,335 அளவில். கருவி சொல்வது 15,349. ஒரு கூட்டல், ஒரு பெருக்கலில் ஆயிரத்தில் ஒரு பங்குப் பிழைக்குள் வந்துவிடுகிறது.

மற்றத் தடங்களுக்குக் கொஞ்சம் முக்கோணவியல் வேண்டும். இரண்டு அட்சரேகைகளின் சைன்களைப் பெருக்குங்கள். பிறகு இரண்டு அட்சரேகைகளின் கோசைன்களையும், தீர்க்கரேகை வித்தியாசத்தின் கோசைனையும் சேர்த்துப் பெருக்குங்கள். இரண்டையும் கூட்டி, அதற்கு உரிய கோணத்தைத் தலைகீழ் கோசைன் மூலம் எடுத்து, பாகைக்கு 111.195 கி.மீ. என்று பெருக்கினால் தூரம். ஹீத்ரோ 51.47 வடக்கு, 0.45 மேற்கு, கென்னடி 40.64 வடக்கு, 73.78 மேற்கு. முதல் பெருக்கல் 0.5095, இரண்டாவது 0.1356, கூட்டினால் 0.6451. கோணம் 49.83 பாகை, தூரம் 5,540 கி.மீ. விடை அபத்தமாக வந்தால் மூன்று இடங்களில் தேடுங்கள். மேற்கு, தெற்கு திசைகளுக்குக் கழித்தல் குறி விடுபட்டிருக்கும். அல்லது 40 பாகை 38 நிமிடத்தை 40.63 என்று மாற்றாமல் 40.38 என்றே போட்டிருப்பீர்கள். அல்லது கால்குலேட்டர் பாகையில் இல்லாமல் ரேடியனில் இருக்கும்.

இந்தக் கருவியின் குறை என்று சொன்னால், வேகத்தைக் கொடுத்தால் அது நேரமும் போடும். ஆனால் அதுவும் வெறும் வகுத்தல்தான். அதை விமான நேரமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அதே சமயம், அது வரையும் வளைந்த கோட்டைப் பார்த்து "ஏன் இப்படிச் சுற்றிப் போகிறது" என்று யாரும் எண்ண வேண்டாம். தட்டை வரைபடத்தில் நேராகத் தெரியும் கோடுதான் உண்மையில் சுற்று வழி. மேசை மேலிருக்கும் உலக உருண்டையில் இரண்டு ஊருக்கும் நடுவே ஒரு நூலை இழுத்துப் பிடித்தால், அந்த நூல் போகும் வழியே பெருவட்டப் பாதை.

நேரத்துக்கு: விமான நிறுவன அட்டவணை

எத்தனை மணி நேரம் என்ற கேள்விக்கு ஒழுங்கான விடை இருக்கும் இடம் இதுதான். கூகுள் ஃப்ளைட்ஸ் போன்ற தேடுதளத்தில் 'நிறுத்தமில்லாத விமானம்' என்று வடிகட்டி, போகும் தடத்தையும் திரும்பும் தடத்தையும் தனித்தனியே பார்க்க வேண்டும். வடிகட்டாமல் பார்த்தால் வரும் நேரத்தில் இடையில் காத்திருப்பதும் கலந்திருக்கும்.

அட்டவணை நேரம் என்பது விமானம் வாயிலைவிட்டு நகர்வதில் தொடங்கி மறுமுனையில் வாயிலில் நிற்பதுவரை. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, வரிசையில் நிற்பது, இறங்கிய பின் ஊர்ந்து வருவது எல்லாம் இதில் அடக்கம். நெரிசலான நிலையங்களில் இதுவே அரை மணி நேரத்துக்கு மேல். இதற்கு மேல், தாமதமானாலும் 'குறித்த நேரத்தில்' வந்து சேர்வதற்காக நிறுவனங்கள் கொஞ்சம் கூடுதல் நேரத்தையும் சேர்த்து வைக்கும். அதனால்தான் தாமதமாகக் கிளம்பிய விமானம் சில நேரம் சரியான நேரத்துக்கே வந்து நிற்கிறது.

திசைக்கு ஒரு நேரம் என்பதற்குக் காரணம், 9 முதல் 12 கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே ஓடும் ஜெட் காற்று. ஏ350, 787 போன்ற விமானங்கள் மாக் 0.85 வேகத்தில், அதாவது ஒலி வேகத்தில் 85 சதவீதத்தில் பறக்கும். அந்த உயரத்துக் குளிரில் அது மணிக்கு 900 கி.மீ. அளவு. ஆனால் இது காற்றோடு ஒப்பிட்ட வேகம். பின்காற்று 100 கி.மீ. என்றால் தரைக்கு மேல் 1,000. எதிர்காற்று 100 என்றால் 800. 2020 பிப்ரவரியில் கியாரா புயலின்போது பிரிட்டிஷ் ஏர்வேஸ் 747 ஒன்று நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் பறந்தது. தரை வேகம் மணிக்கு 1,300 கி.மீட்டரைத் தாண்டியது. ஒலித் தடையை அது உடைக்கவில்லை. காற்றே அவ்வளவு வேகமாகத் தூக்கிக்கொண்டு போனது.

போகும்போது இழப்பதை வரும்போது ஈடு கட்டிவிடலாம் என்று தோன்றும். அப்படி ஆகாது. 5,540 கி.மீட்டரை 800-லும் 1,000-லும் வகுத்துக் கூட்டினால் 12 மணி 28 நிமிடம். காற்றே இல்லாமல் இரு திசையும் 900 என்றால் 12 மணி 19 நிமிடம். எதிர்காற்றில் விமானம் அதிக நேரம் இருப்பதால் நட்டம் எப்போதும் கூடுதலாகவே நிற்கும்.

ஜெட் காற்று குளிர்காலத்தில் வலுக்கும். அதனால் அட்டவணை பருவத்துக்குப் பருவம் மாறும். மார்ச் கடைசி ஞாயிறு கோடை அட்டவணை தொடங்கும், அக்டோபர் கடைசி ஞாயிறு குளிர்கால அட்டவணை. ஜூலையில் பார்த்த நேரத்தை வைத்து ஜனவரிப் பயணத்தைத் திட்டமிட்டால் கணக்கு பிசகும். பயணம் செய்யும் மாதத்தின் தேதியையே கொடுத்துத் தேடுங்கள்.

அட்டவணை கிடைக்காத தடத்துக்குக் கைக்கணக்கு வேண்டுமென்றால்: பெருவட்டத் தூரத்தோடு 3 முதல் 5 சதவீதம் சேர்த்துக்கொள்ளுங்கள். மேற்கே போனால் 820, கிழக்கே போனால் 950, வடக்கு தெற்காகப் போனால் 880 என்று வகுத்து, 45 நிமிடம் கூட்டுங்கள். நடு அட்சரேகைகளில் இது ஓரளவு பொருந்தும். வெப்ப மண்டலத்தில் காற்று மெலிவதால் இரு திசைக்கும் 880 போதும்.

உண்மையில் பறந்தது எவ்வளவு: ஃப்ளைட்ரேடார்24, ஃப்ளைட்அவேர்

திட்டத்தையும் நடப்பையும் ஒப்பிட, விமானங்களைப் பின்தொடர்ந்து காட்டும் இந்த இரண்டு தளங்களும் மிக உதவியாக இருக்கின்றன. விமான எண்ணைக் கொடுத்தால் அண்மை நாட்களில் அது எப்போது கிளம்பியது, எந்த வழியில் போனது, எப்போது இறங்கியது என்று பட்டியல் வரும். ஒரு நாளை மட்டும் பார்த்து முடிவு செய்யாமல் ஒரு வாரத்தை எடுத்து நடுவான அளவைப் பாருங்கள்.

இங்கே கவனிக்க இரண்டு விஷயம். இவை காட்டும் பறந்த நேரம் சக்கரம் தரையைவிட்டு எழுந்ததிலிருந்து மறுபடி தரையைத் தொட்டதுவரை. அட்டவணை நேரத்தைவிட இது அரை மணி நேரம் குறைவாக இருப்பதால் "விமானம் சீக்கிரம் வந்துவிட்டது" என்று அர்த்தமில்லை. மற்றொன்று, பெருங்கடல் நடுவே தரை நிலைய ரிசீவர்கள் எட்டாது. அங்கே கோடு இடைவெளி விட்டோ, ஊகத்தில் வரைந்த நேர்க்கோடாகவோ இருக்கும். அந்தப் பகுதியின் தூரத்தை அளந்து முடிவுக்கு வரக் கூடாது.

பெருவட்டக் கோட்டிலிருந்து விமானம் ஏன் விலகுகிறது என்பது இந்தத் தளங்களில்தான் புலப்படும். சிங்கப்பூர்–நியூயார்க் விமானம் பெரும்பாலும் துருவத்தை விட்டுவிட்டு பசிபிக் மேலே ஜெட் காற்றைத் தேடிப் போகும். நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் அதிகம் பறந்தும் எரிபொருளும் நேரமும் மிச்சம். தென் பசிபிக்கில் சிட்னி–சாண்டியாகோ போன்ற தடங்களில் வேறொரு கட்டுப்பாடு: இரட்டை எஞ்சின் விமானம், ஓர் எஞ்சின் நின்றாலும் அனுமதிக்கப்பட்ட நிமிடங்களுக்குள் எட்டக்கூடிய நிலையம் ஒன்று இருக்கும்படியே பறக்க வேண்டும். அண்டார்டிகா பக்கம் அப்படி நிலையங்கள் அரிது.

எல்லாவற்றையும்விடக் கணக்கைக் குலைப்பது மூடப்பட்ட வான்வெளி. 2022 பிப்ரவரி இறுதியில் ரஷ்ய வான்வெளி ஐரோப்பிய நிறுவனங்களுக்கு மூடப்பட்டது. ஹெல்சிங்கி–டோக்கியோ பெருவட்டத் தூரம் சுமார் 7,800 கி.மீ.; முன்பு ஒன்பதரை மணி நேரத்தில் முடிந்த பயணம் இப்போது 13 மணி நேரத்தை எட்டுகிறது. எந்தத் தூரக் கருவியைக் கேட்டாலும் இன்றும் பழைய நேரத்தையே சொல்லும். இதே வான்வெளியைப் பயன்படுத்த அனுமதி உள்ள வேறு நாட்டு நிறுவனங்கள் குறைந்த நேரத்தில் போகும். ஆக, ஒரே இரு நகரங்களுக்கு நடுவே நிறுவனத்தைப் பொறுத்தும் நேரம் மாறும்.

இடையில் இறங்கிப் போகும்போது

சுற்றிப் போகிறோமே என்ற கவலை பல நேரம் தேவையற்றது. லண்டன்–சிட்னி நேர்த் தூரம் சுமார் 17,000 கி.மீ. சிங்கப்பூரில் இறங்கிப் போனால் 10,900-உம் 6,300-உம் சேர்ந்து 17,200 அளவு. கூடுதல் 200 கி.மீ., கால் மணி நேரம். நேரத்தைத் தின்பது இறங்கி, காத்திருந்து, மறுபடி ஏறுவதுதான். எனவே இடை நிலையத்தைத் தேர்ந்தெடுக்கும்போது கிரேட் சர்க்கிள் மேப்பரில் மூன்று குறியீட்டையும் போட்டுப் பாருங்கள். கூடுதல் தூரம் 5 சதவீதத்துக்குள் இருந்தால் தூரத்தை மறந்துவிட்டுக் காத்திருப்பு நேரத்தை மட்டும் ஒப்பிடலாம்.

கடைசியாகக் கடிகாரம். கிளம்பும் நேரத்தையும் சேரும் நேரத்தையும் அப்படியே கழித்துப் பயண நேரம் கண்டுபிடிக்க முயன்றால் தப்பு நேரும், ஏனென்றால் இரண்டும் அந்தந்த ஊர் நேரம். இரண்டையும் முதலில் உலகப் பொது நேரமான யூ.டி.சி.-க்கு மாற்றுங்கள். ஜனவரி 10 இரவு 10 மணிக்கு நியூயார்க்கில் கிளம்பினால் (யூ.டி.சி.-யைவிட 5 மணி நேரம் பின்னால்) அது 11-ஆம் தேதி அதிகாலை 3 மணி யூ.டி.சி. சிங்கப்பூர்வரையான பயண நேரம் 18 மணி 40 நிமிடத்தைக் கூட்டினால் அன்றிரவு 9.40. சிங்கப்பூருக்கு 8 மணி நேரம் சேர்த்தால் 12-ஆம் தேதி அதிகாலை 5.40. பயணச் சீட்டில் நேரத்தின் பக்கத்தில் சிறியதாக அச்சிட்டிருக்கும் '+2' இதுதான்; ஹோட்டல் முன்பதிவு ஒரு நாள் தவறிப்போவது பெரும்பாலும் இதைக் கவனிக்காததால். மாறாக, 10-ஆம் தேதி மாலை 5 மணிக்கு டோக்கியோவில் ஏறி 10 மணி நேரம் பறந்தால் லாஸ் ஏஞ்சலீஸில் அதே 10-ஆம் தேதி காலை 10 மணி.

அமெரிக்கா மார்ச் இரண்டாம் ஞாயிறு கடிகாரத்தை மாற்றுகிறது, ஐரோப்பா மார்ச் கடைசி ஞாயிறு. நடுவிலுள்ள அந்த இரண்டு, மூன்று வாரம் லண்டன்–நியூயார்க் இடைவெளி 5 மணி நேரத்துக்குப் பதில் 4. இலையுதிர்காலத்தில் ஐரோப்பா அக்டோபர் கடைசி ஞாயிறும் அமெரிக்கா நவம்பர் முதல் ஞாயிறும் மாற்றுவதால் மறுபடி ஒரு வாரம் இதே நிலை. அந்த வாரங்களில் பயணம் என்றால் நிலையான நேர வித்தியாசத்தை வைத்துக் கணக்கிடும் கருவிகளை ஒதுக்கிவிட்டு, தேதியைக் கேட்டுக் கணக்கிடும் கருவியையே திறக்க வேண்டும்.